கைவினைப் பேஸ் கிட்டார்

கைவினைப் பேஸ் கிட்டார் என்பது சிறு பட்டறைகளில், பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட இசைக்கலைஞர் கேட்டதற்கிணங்க, ஒவ்வொன்றாகச் செய்யப்படும் மின் தந்திக்கருவி. நான்கு தந்திப் பேஸின் தடித்த தந்தி விநாடிக்கு 41.2 முறை அதிரும். ஐந்து, ஆறு தந்திக் கருவிகளில் அது 30.9 வரை தாழும். இவ்வளவு தாழ்ந்த சுருதி தெளிவாக ஒலிக்க வேண்டுமானால் தந்தி நீளமாக இருக்க வேண்டும். நீளமான தந்தியைத் தாங்கும் கழுத்து வளையாமல் நிற்க வேண்டும். இக்கருவியைச் செய்தவர்களின் உழைப்பில் பெரும்பங்கு இந்த இரண்டு தேவைகளுக்கே செலவாகியிருக்கிறது. ஆலைகள் பின்னாளில் ஏற்றுக்கொண்ட மாற்றங்கள் பலவும், வாசிப்பவர் ஒருவர் கேட்டு, பட்டறைக்காரர் ஒருவர் செய்து கொடுத்ததிலிருந்து தொடங்கியவை.

தொடக்கம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இசையாசிரியராக இருந்த பால் டட்மார்க், 1936 வாக்கில் ஆடியோவாக்ஸ் 736 என்ற கருவியைச் செய்து விற்றார். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிய வேண்டியிருந்த கலைஞர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட இது, கிட்டார்போலக் கிடைமட்டமாகப் பிடித்து வாசிக்கத்தக்கது; உடல் கெட்டி மரத்தால் ஆனது; ஃபிரெட் எனப்படும் உலோக மெட்டுகள் பதித்தது. முதல் மின் பேஸ் கிட்டார் இதுவே என்று பலர் கொள்கின்றனர். பின்வந்த கருவிகளுக்கு இது நேரடி முன்னோடியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சுமார் நூறு கருவிகள் செய்யப்பட்டிருக்கலாம் என்பர். இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில.

ஆலைக் காலம்

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ், இக்கருவியை உலகறியச் செய்தது. ஆஷ் மர உடல், ஒரே துண்டு மேப்பிள் கழுத்து, 20 ஃபிரெட்கள், 34 அங்குலத் தந்தி நீளம் என்பன அதன் அமைப்பு. அந்த 34 அங்குலமே இன்றுவரை பெரும்பாலான கருவிகளின் அளவாக நிலைத்துவிட்டது. கழுத்தைத் தனியே செய்து நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைத்ததால் வேலை விரைவாக முடிந்தது. பழுதானால் கழுத்தை மட்டும் மாற்றவும் முடிந்தது. லயோனல் ஹாம்ப்டன் குழுவில் மங்க் மாண்ட்கமெரி இதை வாசித்தது ஜாஸ் உலகின் கவனத்தை ஈர்த்தது. 1957இல் ரிக்கன்பேக்கர் 4000 வந்தது. அதில் கழுத்து மரமே உடலின் நடுவே கடைசிவரை ஓடியது. 1960இல் ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் வந்தது. 1960கள் முழுவதும் வாங்குபவர் கடையில் உள்ளதை வாங்கிக்கொண்டார்; குறை இருந்தால் பழுதுபார்ப்பவரிடம் போனார்.

கலிபோர்னியா, 1969–1977

கைவினைப் பேஸின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவானது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நடந்த இந்த ஒன்பது ஆண்டுக் காலமே. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் ஒலிபெருக்கும் ஏற்பாடுகளைச் சீர்செய்ய, அதன் ஒலிப்பொறியாளர் ஆவ்ஸ்லி ஸ்டான்லியின் ஊக்கத்தில் 1969இல் கூடிய சிறு குழு அலெம்பிக் என்ற பெயரில் இயங்கியது. ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியிருந்த மின்னணுப் பொறியாளர் ரான் விக்கர்ஷாம், ஒலிப்பதிவாளர் பாப் மேத்யூஸ், கிட்டார் செய்யக் கற்றிருந்த ரிக் டர்னர் ஆகியோர் அதன் தூண்கள்.

முதலில் அவர்கள் புதுக்கருவி செய்யவில்லை. கிரேட்ஃபுல் டெட்டின் ஃபில் லெஷ், ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் ஜாக் கசடி ஆகிய இருவரும் வாசித்த கில்டு ஸ்டார்ஃபயர் பேஸ்களைப் பிரித்து, உள்ளிருந்த மின்னணுப் பகுதிகளை மாற்றினர். தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் வழக்கமான பிக்கப்பில் காந்தத்தைச் சுற்றித் தலைமுடியை ஒத்த மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்படும். சுற்று கூடினால் ஒலி வலுக்கும். ஆனால் உயர் அதிர்வெண்கள் மழுங்கும், நீண்ட கேபிளில் மேலும் தேயும். விக்கர்ஷாம் சுற்றுகளைக் குறைத்தார். குறைந்த ஒலிவலுவைக் கருவிக்குள்ளேயே வைத்த சிறு பெருக்கியால் ஈடுசெய்தார். பேஸின் ஒவ்வொரு சுரமும் விரல் பட்ட ஓசையோடு தெளிவாகக் கேட்கத் தொடங்கியது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

கசடிக்கென முழுக்க முழுக்கப் புதிதாகச் செய்யப்பட்ட பேஸ் 1972இல் நிறைவுற்றது. அலெம்பிக்கின் முதல் கருவியாக எண்ணிடப்பட்டது இதுவே. பிக்கப்கள் ஓரிடத்தில் பொருத்தப்படாமல், உலோகக் குழாய்களின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தத்தக்கவையாக அமைக்கப்பட்டன. உடல்மீது தந்தியைத் தாங்கும் குதிரைக்கு அருகே நகர்த்தினால் ஒலி கூர்மையாகும், கழுத்துப் பக்கம் நகர்த்தினால் கனமாகும். எந்த இடம் சரி என்று பட்டறைக்காரர் முடிவுசெய்து தராமல் வாசிப்பவர் கையிலேயே விட்டது அக்காலத்தில் துணிவான செயல்.

மர வேலையில் டர்னரின் முத்திரை அடுக்கொட்டு முறை. மேப்பிள், வால்நட், ஊதாநிறப் பர்ப்பிள்ஹார்ட் ஆகிய மரங்களை நெடுக்குப் பட்டைகளாக அறுத்து, அடுத்தடுத்த பட்டைகளின் ரேகை எதிரெதிர்த் திசையில் ஓடும்படி ஒட்டிக் கழுத்து செய்தனர். ஒரு பட்டை ஈரத்தில் ஒரு பக்கம் திரும்ப முயன்றால் பக்கத்துப் பட்டை அதைத் தடுத்து நிறுத்தும். உடலின் இரு சிறகுகளிலும் அலங்கார மரங்களை அடுக்கியதால் இவ்வகைக் கருவிகளுக்கு ஹிப்பி சாண்ட்விச் என்ற செல்லப்பெயரும் ஒட்டிக்கொண்டது. நன்கு செய்யப்பட்ட ஒன்றின் விளிம்பில், வளைவு வெட்டும் இடத்தில், ஒவ்வொரு மர அடுக்கும் நீர்வட்டம்போல விரிந்து தெரியும். சாயம் எதுவும் பூசாமல் மரத்தின் இயல்பு நிறத்தையே அழகாக்கிய இந்த வழக்கம் பின்னர் உலகெங்கும் பரவியது.

1973இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜாஸ் பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க் வாசித்ததைக் கேட்ட டர்னர், வாசிப்பின் தரத்துக்குக் கருவியின் ஒலி ஈடாகவில்லை என்று அவரிடம் நேரிலேயே சொல்லி, தம் பேஸ் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் செய்ததாகக் கூறுவர். பின்னணியிலேயே இருந்த பேஸை முன்னணித் தனிக்கருவியாகக் கிளார்க் நிறுத்தியதில் அந்தக் கருவிக்குப் பங்குண்டு. 1976இல் வந்த அவருடைய ஸ்கூல் டேஸ் இசைத்தட்டு அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அலெம்பிக்கின் சீரிஸ் வகைக் கருவிகளில் இரு பிக்கப்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு சுருள் இருக்கும். அதில் காந்தம் இல்லை. தந்தியின் அதிர்வை அது உணராது. சுற்றுப்புற மின்கம்பிகளின் இரைச்சலை மட்டும் வாங்கி, மற்ற இரண்டிலும் கலந்த அதே இரைச்சலைக் கழிப்பதே அதன் ஒரே வேலை.

1974இல் கிரேட்ஃபுல் டெட் பயன்படுத்திய பிரம்மாண்ட ஒலிபெருக்கிச் சுவருக்கென, லெஷின் பேஸ் ஒவ்வொரு தந்தியின் ஒலியையும் தனித்தனியே வெளியனுப்பும்படி அமைக்கப்பட்டது. விண்வெளித் துறை நிறுவனத்தில் பணியாற்றிய ஜெஃப் கோல்டு இக்குழுவின் கச்சேரி ஒன்றைக் கேட்டபின், செயற்கைக்கோள்களுக்குப் பயன்படும் கார்பன் இழையில் கழுத்து செய்யலாமே என்று டர்னரை அணுகினார். அவ்வாறு செய்யப்பட்ட கழுத்துடைய பேஸ் 1977இல் காட்சிக்கு வந்தது. அதை வாங்கியவர் ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் மெக்வி. மரக்கழுத்துப் பேஸ்களில் ஐந்தாம், ஏழாம் ஃபிரெட்களுக்கு இடையே, மெல்லிய தந்தியில், ஒலி சட்டென்று அவிந்துபோகும் இடம் ஒன்று வழக்கமாக உண்டு. கழுத்தின் இயல்பான அதிர்வு தந்தியின் ஆற்றலை அங்கே உறிஞ்சிக்கொள்வதே காரணம். விறைப்பும் இலேசும் சேர்ந்த கார்பன் கழுத்து இக்குறையைப் பெரிதும் போக்கியது.

நியூயார்க்: ஆறு தந்திகள்

பேஸ் கிட்டாரும் கிட்டார் குடும்பமே, அதற்கும் ஆறு தந்தி இருப்பதே முறை என்று வாதிட்டவர் பேஸ் கலைஞர் ஆன்டனி ஜாக்சன். அவர் கேட்டதைச் செய்ய முன்வந்தவர் நியூயார்க்கின் பட்டறைக்காரர் கார்ல் தாம்சன். 1975இல் கருவி உருவானது. கீழே ஒரு தந்தியும் மேலே ஒரு தந்தியும் கூடின. தந்திகளுக்கு இடைப்பட்ட இடம் மிகக் குறுகலாக இருந்ததால் ஜாக்சன் நிறைவடையவில்லை; அடுத்தடுத்த கருவிகளைக் கென் ஸ்மித்திடமும் பின்னர் வின்னி ஃபொடெராவிடமும் செய்வித்தார். ஃபொடெரா, ஜோயி லாரிசெல்லாவுடன் சேர்ந்து 1983இல் புரூக்லினில் தொடங்கிய பட்டறை ஜாக்சனுக்காகத் தந்தி நீளத்தை 36 அங்குலமாக்கியது. மிகத் தாழ்ந்த தந்தி தொளதொளக்காமல் நின்றது இந்தக் கூடுதல் நீளத்தால். அதே புரூக்லினில் பட்டறைக்காரர் ஸ்டூவர்ட் ஸ்பெக்டருக்காக நெட் ஸ்டைன்பெர்கர் 1977இல் வளைந்த உடல் கொண்ட பேஸை வடிவமைத்தார். பின்னர் தலைப்பகுதியே இல்லாத கருவியையும் உருவாக்கினார்.

ஃபிரெட் இல்லாத பேஸ்

விற்பனைக்கெனச் செய்யப்பட்ட முதல் ஃபிரெட் இல்லாத பேஸ் 1966இல் ஆம்பெக் நிறுவனம் வெளியிட்டது என்பர். பெரும்புகழ் பெற்றது ஜாஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ். ஃபிரெட்களைத் தாமே பிடுங்கியதாக அவர் சொன்னதுண்டு. கைக்கு வரும்போதே அவை இல்லை என்றும் ஒரு கூற்று உள்ளது. எப்படியாயினும், உலோகத் தந்தி மரத்தை அறுத்துவிடாதபடி விரல்பலகையில் படகுகளுக்குப் பூசும் இபாக்சிப் பிசினைப் பூசியதே அந்தக் கருவிக்குப் பாடும் குரலைக் கொடுத்தது என்பதில் பெரும்பாலோர் ஒன்றுபடுகின்றனர்.

பிற நாடுகள்

இங்கிலாந்தில் மின்னணுவியலாளர் இயன் வாலரும் கிட்டார் கைவினைஞர் பீட் ஸ்டீவன்ஸும் 1970களில் வால் பேஸ்களைச் செய்தனர். அவற்றில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிச் சுருள்கள் இருந்தன. ஜெர்மனியில் ஹான்ஸ் பீட்டர் வில்ஃபர் 1982இல் வார்விக்கைத் தொடங்கினார். கனடாவின் சஸ்கட்டூனில் ஷெல்டன் டிங்வால், தடித்த தந்திக்கு அதிக நீளமும் மெல்லிய தந்திக்குக் குறைந்த நீளமும் அமையும்படி விசிறிபோல் விரியும் ஃபிரெட்களைப் பேஸில் கையாண்டார்.

செய்முறை

வேலை மரத்தேர்வில் தொடங்குகிறது. வைரம் பாய்ந்த, ரேகை நேராக ஓடும், நன்கு உலர்ந்த கட்டையே கழுத்துக்கு ஏற்றது. அறுத்த பட்டைகளைச் சில நாள், சில பட்டறைகளில் சில மாதம், அப்படியே நிறுத்தி வைப்பர். கோணும் மரம் அந்த இடைவெளியில் கோணிவிடும். பிறகு கழுத்தின் நடுவே நெடுக்குப் பள்ளம் வெட்டி, டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பியை இறக்குவர். சுருதி சேர்த்த நான்கு தந்திகள் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கழுத்தை முன்னோக்கி இழுக்கின்றன. அந்த இழுப்பை எதிர்த்து நிற்கத் திருகி முறுக்கத்தக்க இக்கம்பி வேண்டும்.

ஃபிரெட்களுக்கு இடம் குறிப்பது கணக்கு வேலை. எஞ்சிய தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டுக்கான தூரம் கிடைக்கும். 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீட்டர் நீளத்தில் முதல் ஃபிரெட் 48.5 மில்லிமீட்டரில் விழும். பன்னிரண்டாவது சரிபாதியில், 431.8இல் நிற்கும். ஒவ்வோர் அளவையும் முந்தைய ஃபிரெட்டிலிருந்து எடுக்காமல், தந்தி தொடங்கும் நட்டிலிருந்தே எடுப்பர். இல்லையேல் சிறு பிழைகள் சேர்ந்து கடைசியில் அபசுரமாக ஒலிக்கும்.

கழுத்தின் பின்புறத்தைச் சீவுவதில் அளவுகோலைவிட உள்ளங்கைக்கே அதிகாரம். சீவுளியால் முதற்சீவலும் அரத்தால் அடுத்ததும் உப்புத்தாளால் இறுதியும் முடியும். இடையிடையே வாசிப்பவரை வரவழைத்துக் கையில் பிடிக்கச் சொல்லும் பட்டறைகளும் உண்டு. தலை கனத்துக் கீழே சாயாமல் தோள்வாரில் கருவி சமநிலையாகத் தொங்குகிறதா என்றும் அப்போதே பார்ப்பர். கடைசியாக ஃபிரெட்களின் மேற்பரப்பை ஒரே மட்டமாகத் தேய்த்து, நட்டிலும் குதிரையிலும் தந்தியின் உயரத்தைச் சரிசெய்வர்.

மரமும் ஒலியும்

கெட்டி உடல் மின் கருவியில் மரம் ஒலியை எந்த அளவு தீர்மானிக்கிறது என்பது தீராத வழக்கு. பிக்கப், தந்தி, அவற்றின் இடைவெளி ஆகியவையே பெரும்பங்கு வகிக்கின்றன என்பது ஒரு சாரார் கருத்து. கட்டையைத் தட்டிக் கேட்டே தேர்ந்தெடுக்கும் கைவினைஞர்கள் இதை முழுதாக ஏற்பதில்லை. கழுத்தின் விறைப்பு ஒலியின் நீடிப்பைப் பாதிக்கிறது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன.

அண்மைக்காலம்

மெல்வின் ஹிஸ்காக் 1986இல் வெளியிட்ட கிட்டார் செய்முறை நூல் வீட்டுப் பட்டறைகள் பலவற்றுக்குத் தொடக்கமாயிற்று. கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரங்கள் இன்று சிறு பட்டறைகளிலும் உள்ளன. அவை நுழைந்தபின் எதைக் கைவினை என்பது என்ற கேள்விக்கு ஒருமித்த விடை இல்லை.

விரல்பலகைக்குப் பெரிதும் விரும்பப்படுபவை கருங்காலியும் ஈட்டியும். தோதகத்தி என்றும் வழங்கும் ஈட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் மரம். பிரேசில் ஈட்டி மரம் அருகியபின் உலகின் கிட்டார் பட்டறைகள் அதிகம் நாடியது இதையே. தமிழ்நாடு அரசு ஈட்டி மரங்களைக் காக்க 1994இல் தனிச் சட்டம் இயற்றியது. சொந்த நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டவும் அதன்படி அனுமதி வேண்டியிருந்தது. அழியும் உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கை 2017 ஜனவரியில் ஈட்டிப் பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் விலக்கு கிடைத்தது. ஈட்டி மரம் கட்டையாகவோ பலகையாகவோ நாட்டெல்லை தாண்ட அனுமதிச் சீட்டு இன்றும் தேவை. அதனால் தங்கள் பகுதியிலேயே வளரும் மேப்பிள், வால்நட் போன்ற மரங்களைச் சில பட்டறைகள் விரல்பலகைக்கும் எடுத்தாளுகின்றன.