ஜப்பானிய மரச்செதுக்கு அச்சோவியங்களில் அயலார் சித்திரிப்பு

முன்னுரை

ஒரு சமூகம் அயலாரை எவ்வாறு கண்டது என்பதை அறிய எழுத்தாவணங்களைப் போன்றே ஓவியங்களும் சான்றாகின்றன. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சோவியங்களில் அயலார் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டனர், அவ்வகைப்பாட்டின் அடிப்படை யாது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நாகசாகி ஓவியங்கள்

1641 முதல் டச்சு வணிகர்கள் நாகசாகித் துறைமுகத்தை ஒட்டிய தெஜிமா என்னும் செயற்கைத் தீவில் மட்டுமே தங்க இசைவு பெற்றிருந்தனர். சீனரும் அந்நகரிலேயே வணிகம் செய்தனர். இவர்களை வரைந்து அங்கு அச்சிடப்பட்ட படங்கள் ‘நாகசாகி-எ’ எனப் பெயர் பெற்றன. பயணிகள் அவற்றை நினைவுப்பொருளாக வாங்கிச் சென்றனர். தொப்பியணிந்த டச்சுக்காரரும், அவர் பின்னே குடைபிடித்து நிற்கும் கருநிற ஏவலரும் இப்படங்களில் அடிக்கடி இடம்பெறுகின்றனர். இவ்வேவலர்கள் பத்தாவியாவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். வணிகருக்கு நாட்டின் பெயர் உண்டு. ஏவலருக்கோ நிறமே அடையாளமாகிறது.

யோகோஹாமா ஓவியங்கள்

1853இல் பெரியின் அமெரிக்கக் கப்பற்படை வந்ததைத் தொடர்ந்து, 1858இல் அமெரிக்கா, நெதர்லாந்து, உருசியா, இங்கிலாந்து, பிரான்சு ஆகிய ஐந்து நாடுகளுடன் வணிக ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. 1859இல் யோகோஹாமாத் துறைமுகம் திறக்கப்பட்டது. எடோ நகரப் பதிப்பாளர்கள் வெளியிட்ட ‘யோகோஹாமா-எ’ ஓவியங்கள் 1860, 1861 ஆகிய ஆண்டுகளில் பெருகின. சதாஹிதே, யோஷிகாசு, யோஷிதோரா முதலியோர் இவற்றை வரைந்தோருள் குறிப்பிடத்தக்கவர்கள். மேலைநாட்டு வணிகர்கள் சரக்கேற்றும் காட்சியைச் சதாஹிதே 1861இல் ஐந்து தாள்கள் இணைந்த பேரோவியமாக வரைந்தார்.

இவ்வகை ஓவியங்கள் பலவற்றில் ஒவ்வொருவரின் நாடும் எழுத்தால் குறிக்கப்பட்டுள்ளது. அக்குறிப்பை மறைத்துவிட்டால் ஆங்கிலேயரையும் பிரெஞ்சுக்காரரையும் முகத்தைக் கொண்டு பிரித்தறிதல் அரிது. மேலைநாட்டு இதழ்களில் வந்த படங்களைப் பார்த்து வரையப்பட்டனவும் இவற்றுள் உண்டு. எனவே, ‘ஐந்து நாட்டார்’ என்னும் பாகுபாடு கண்ணால் கண்டு பெறப்பட்டதன்று. ஒப்பந்தத்திலிருந்து பெறப்பட்டது எனலாம். ஒப்பந்தம் ஏதுமின்றி, மேலைநாட்டு வணிகர்களின் இடைத்தரகராகவும் பணியாளராகவும் வந்த சீனர், ‘நான்கிங்’ என்னும் நகரப்பெயரால் சுட்டப்பட்டமை இக்கருத்திற்கு அரண் செய்கிறது.

ஓவியம் கூறாதவை

விருந்துண்ணல், குதிரையேற்றம், குழந்தையோடு மகிழ்தல் என இவ்வோவியங்கள் இணக்கமான காட்சிகளையே பெரிதும் காட்டுகின்றன. ஆனால், அயலாரை விரட்டவேண்டும் என்னும் முழக்கம் அக்காலத்தில் ஓங்கியிருந்தது. 1862இல் நமமுகி என்னுமிடத்தில் ஆங்கிலேய வணிகர் ஒருவர் சாமுராய் வீரர்களால் கொல்லப்பட்டார். ஓவியங்கள் தணிக்கை முத்திரை பெற்றே விற்பனைக்கு வந்தன என்பதை ஈண்டுக் கருதவேண்டும். ஆதலின், ஓவியத்தில் பகைமை காணப்படாமையைக் கொண்டு சமூகத்தில் பகைமை இல்லை என முடிவு செய்தல் பொருந்தாது.

முடிவுரை

இவ்வோவியங்கள் அயலாரின் தோற்றத்திற்குச் சான்றாவதைவிட, அவர்களை வகைப்படுத்திய சமூகத்தின் பார்வைக்கே மிகுதியும் சான்றாகின்றன. அவற்றை வரலாற்று ஆவணமாகக் கொள்வோர், பெயர் பொறிக்கப்பட்டோரோடு பெயரின்றிக் குடைபிடித்து நின்றோரையும் கருத்திற் கொள்ளவேண்டும்.