மலாக்காத் திருச்சபைகளில் பிரிவும் இணக்கமும்

மலாக்கா நகரத்துக் கத்தோலிக்கர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இரண்டு ஆட்சிகளின் கீழ் வாழ்ந்தனர். விசுவாசமும் திருப்பலியும் ஒன்றே. பிரிவு, குருவை அனுப்பும் உரிமை யாருக்கு என்பதில்தான் இருந்தது.

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தனர்; 1558இல் அது தனி மறைமாவட்டமானது. ஆயரை நியமிக்கும் உரிமை போர்ச்சுகல் மன்னரிடம் இருந்தது. பதுருவாதோ என்னும் இந்த ஏற்பாடு, 1641இல் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றிய பிறகும் மறையவில்லை. டச்சு ஆட்சியில் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கர் 1710இல் புனித பேதுரு கோயிலைக் கட்டிக்கொண்டனர். 1838இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி, மலாக்கா, மயிலாப்பூர், கொச்சி முதலிய இடங்களில் போர்ச்சுகலின் உரிமையை நீக்கினார். போர்த்துக்கீசியக் குருக்கள் இதை ஏற்கவில்லை. மறுபக்கம், பாரிஸ் மறைபணி சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள் 1849இல் அதே நகரில் புனித பிரான்சிஸ் சவேரியார் கோயிலைத் தொடங்கினர்.

1886இல் ரோமும் போர்ச்சுகலும் செய்துகொண்ட உடன்படிக்கை சண்டையைத் தணித்தது, பிளவை அகற்றவில்லை. 1888இல் மலாக்கா மறைமாவட்டம் மீண்டும் உருவானபோது புனித பேதுரு கோயில் அதற்குள் வரவில்லை. கடல் தாண்டி மக்காவு நகரில் இருந்த ஆயரின் பொறுப்பிலேயே அது நீடித்தது. 1981இல்தான் அது உள்ளூர் ஆயரின் கீழ் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த கத்தோலிக்கருக்கு இந்த இழுபறி புதிதல்ல. சென்னையும் மயிலாப்பூரும் இதே காரணத்தால் இரண்டு ஆட்சிகளாகப் பிரிந்திருந்து 1952இல்தான் ஒரே உயர்மறைமாவட்டமாயின.

சீர்திருத்தச் சபைகளின் பக்கம் பிளவு வேறு இடத்தில், சாதியில், பிறந்தது. டச்சுக்காரர் 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயத்தை, 1838இல் ஆங்கிலிக்க முறைப்படி அர்ப்பணித்தவர் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன். தமிழ்நாட்டுச் சபைகளில் சாதிப்படி தனியே உட்காருவதும் திருவிருந்துக் கிண்ணத்தைச் சாதி வரிசையில் வாங்குவதும் கூடாது என்று 1833இல் ஆணை அனுப்பியவரும் அவரே. வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருங்கூட்டம் சபையை விட்டு வெளியேறியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் போன்ற பெரும் புலவரும் மிஷனரிகளின் இந்தத் தலையீட்டை எதிர்த்தார். வெளியேறியவர்களில் பலர், சாதி வழக்கத்தைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷனில் பின்னர் சேர்ந்தனர்.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரிடமும் சாதிப் பிரிவினை இருந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்பக் கோயில், பீடத்தில் சந்திக்கும் இரண்டு தனிக்கூடங்களாகக் கட்டப்பட்டது. ஒரு கூடத்தில் இருப்பவர் மறுகூடத்தாரைக் காணாமலே பூசை காணலாம். பிரிவினையைக் கல்லில் எழுதிய இதைவிட வெளிப்படையான சான்று தேட வேண்டியதில்லை. 1910ஆம் ஆண்டையொட்டி நடுச்சுவர் இடிக்கப்பட்டது. தனியிடம் கேட்டு ஆதிக்க சாதியார் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றது.

மலாக்காத் தோட்டங்களுக்குத் தமிழர் வந்தது இந்தக் காலத்தில்தான். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார்; மலாயாவின் முதல் ரப்பர் தோட்டங்களில் அது ஒன்று. தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்ததால் ஊர்ச் சாதியும் கப்பலேறியது. ஆனால் லயம் எனப்படும் ஒரே வீட்டு வரிசையில் அடுத்தடுத்துக் குடியிருந்து, ஒரே தண்ணீர்க் குழாயில் நின்றவர்கள் பழைய விலக்கை அப்படியே காப்பது கடினம். தோட்டத்தில் கிறிஸ்தவர் சிறுபான்மை. குரு எப்போதாவதுதான் வருவார். இத்தனை சிறிய கூட்டத்துக்கு இரண்டு கூடம் கட்ட வழியில்லை. திருமணத்தில் மட்டும் சாதி பிடிவாதமாக நின்றது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகருக்குப் பெயர்ந்தபோது மொழி முன்னுக்கு வந்தது. சவேரியார் கோயிலில் இன்று ஆங்கிலம், தமிழ், மாண்டரின் எனத் தனித்தனித் திருப்பலிகள். கிறிஸ்து ஆலயத்திலும் தமிழ் ஆராதனை உண்டு. இதைச் சாதிச் சுவரோடு ஒப்பிடுவது தவறு. மொழிப்படி நேரம் பிரிவது மறையுரை காதில் விழுவதற்காக; சாதிப்படி இடம் பிரிந்தது மற்றவர் கை பட்ட கிண்ணத்தை மறுப்பதற்காக. தமிழ்ப் பூசை இல்லாமல் போயிருந்தால், தோட்டத்திலிருந்து வந்த முதியவர்கள் கோயிலுக்குள்ளேயே அந்நியராகியிருப்பார்கள்.

ஆனாலும் ஒரே பங்கில் மூன்று கூட்டங்கள் முகம் தெரியாமல் வாழும் ஆபத்து உண்டு. 1976இல் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் கூடிப் பேசியபோது, ஒற்றுமையையும் அடித்தளச் சமூகங்களையும் முதன்மைப் பணிகளில் சேர்த்தனர். தமிழர் அன்பியம் என்று அழைக்கும் இந்தக் குழுக்கள் மொழியைவிட அக்கம்பக்கத்தையே அடிப்படையாகக் கொள்பவை. ஒரே குடியிருப்பில் வாழும் தமிழரும் சீனரும் யுரேசியரும் ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசிக்க வேண்டும் என்பது நோக்கம். எந்த மொழியில் செபிப்பது என்ற கேள்வியை ஒவ்வொரு அன்பியமும் தானே தீர்த்துக்கொள்கிறது. ஆங்கிலம் மட்டும் என்று முடிவானால் பாட்டிமார் வாய் திறப்பதில்லை. பாடலும் செபமும் மொழிக்கு மொழி மாறி வந்தால் எல்லார் குரலும் கேட்கும், கூட்டம் மட்டும் சற்று நீளும்.