செங்கமாரியும் ஜெலியில் விழுந்த கோடும்

1986இல் யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து அடித்த ஷெல் ஒன்றின் துண்டு என் தொடையைக் கிழித்துக்கொண்டு போனது. எனக்கு அப்போது 19 வயது. இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். இரண்டாவது போத்தல் பாதி இறங்கும்போது உடம்பெல்லாம் தடித்துத் தடித்து வந்து கடிக்கத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற அம்மா விசிறியால் விசுக்கிக்கொண்டே, "என்ர பிள்ளைக்கு இந்த ரத்தம் ஒத்துவரேல்லை" என்று நேர்ஸைப் பிடித்து அழுதா. ஒரு ஊசி போட்டார்கள், அடங்கிவிட்டது. அலேர்ஜி என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அந்தக் கட்டிலில்தான்.

ஐந்து வருடம் கழித்து ஜேர்மனியில் தஞ்சம் கேட்ட இடத்தில் இரத்தம் எடுத்தார்கள். இரண்டு கிழமையில் ஒரு கடிதம் வந்தது. அதை வாசித்துச் சொன்ன தமிழ்ப் பெடியன், "அண்ணை, உங்கட ரத்தத்தில ஹெப்படைற்றிஸ் பி இருக்காம்" என்றான். சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றான். அன்றிரவு ஹைமில் எனது தேத்தண்ணிக் கோப்பை தனியே யன்னல் கரையில் வைக்கப்பட்டிருந்தது. ஒரு அறையில் ஆறு பேர் இருந்தோம். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. கோப்பையாலோ, ஒன்றாய்ச் சாப்பிடுவதாலோ, கை கொடுப்பதாலோ இது தொற்றாது. இரத்தத்தாலும் உடலுறவாலும் பிள்ளைப்பேற்றின்போது தாயிடமிருந்தும் வருவது. ஆனால் அன்றைக்கு இது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு பல வருடம் அந்த இரண்டாவது போத்தலைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். கடித்தபோதே கழற்றியிருக்கலாமே என்று. இந்த வியாதியின் சரித்திரத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கியதும் அந்தக் கோபத்தால்தான். வாசித்தால், இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த கதையே இரத்தம் ஏற்றினால் சிலருக்கு ஏன் ஒத்துவருவதில்லை என்ற கேள்வியோடு சேர்ந்துதான் இருக்கிறது!

பரூக் புளூம்பேர்க் 1925இல் நியூயோர்க்கில் பிறந்த யூதர். மருத்துவ மாணவனாக 1950இல் தென்னமெரிக்காவின் சூரினாமுக்கு, மூங்கோ என்ற அலுமினியத் தாது தோண்டும் ஊருக்குப் போனார். அங்கே ஆபிரிக்க, இந்திய, ஜாவா வம்சத்துத் தொழிலாளர்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தார்கள். நுளம்பு எல்லோரையும்தான் கடித்தது. ஆனால் யானைக்கால் சில கூட்டத்தாருக்குக் கூடுதலாகவும் சிலருக்குக் குறைவாகவும் வந்தது. ஏன் அப்படி என்ற கேள்வியை அவர் வாழ்நாள் முழுக்க விடவில்லை. ஒக்ஸ்போர்ட்டில் உயிர்இரசாயனம் படித்து, 1957இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்துக்கு வந்து, உலகின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் இரத்தம் சேர்த்துக் குளிர்ப்பெட்டியில் அடுக்கினார்.

அவருடைய யோசனை எளிமையானது. ஒருவருக்கு மற்றவர்களின் இரத்தம் திரும்பத் திரும்ப ஏற்றப்பட்டால், தன்னிடம் இல்லாத புரதம் ஏதும் அதில் இருந்தால், அவர் உடம்பு அதற்கு எதிராகப் பிறபொருளெதிரி செய்யும். (பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல்லைப் பாடமாக்கிய அளவுக்கு விளங்கிக்கொள்ளவில்லை.) அப்படிப் பல தடவை இரத்தம் ஏற்றியவரின் இரத்த நீரை எடுத்து மற்றவர்களின் இரத்த நீரோடு பொருத்திப் பார்த்தால் மனிதருக்கு மனிதர் உள்ள பரம்பரை வித்தியாசம் தெரியும். அதே நிறுவகத்தின் இரத்த வங்கியில் ஹார்வி ஆல்ட்டர் என்ற இளம் வைத்தியர், இரத்தம் ஏற்றும்போது சிலருக்கு வரும் எதிர்வினைகளுக்குக் காரணம் தேடி அதே முறையைப் பாவித்துக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்தார்கள்.

முறை இதுதான். ஜெலி போன்ற ஏகார் தட்டில் சின்னச் சின்னக் குழிகள். நடுக் குழியில் நோயாளியின் இரத்த நீர், சுற்றிவர மற்றவர்களுடையது. இரண்டும் ஜெலிக்குள் ஊறி வரும். ஒன்றுக்கொன்று பொருந்தினால் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாய் ஒரு கோடு விழும். 1963இல், இரத்தம் உறையாத நோயுள்ள ஒரு நியூயோர்க்காரரின் இரத்த நீரை 24 பேருடையதோடு வைத்துப் பார்த்தபோது ஒன்றே ஒன்றோடு மட்டும் கோடு விழுந்தது. அந்த ஒன்று அவுஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவருடையது. வழக்கமாகக் கொழுப்புப் புரதத்துக்குப் பூசும் சாயத்தை அந்தக் கோடு சரியாக ஏற்கவில்லை. புரதத்துக்கான சிவப்புச் சாயத்தைத்தான் பிடித்தது. அப்படியானால் இது வேறு ஏதோ. அதற்கு 'அவுஸ்திரேலியா அன்ரிஜன்' என்று பெயர் வைத்தார்கள். 1965இல் கட்டுரையும் வந்தது. இரத்தம் கொடுத்த அந்த மனிதர் யார், எந்த ஊர், என்ன ஆனார் என்று நான் வாசித்த எதிலும் இல்லை. தேசத்தின் பெயர் மட்டும் மிஞ்சியது.

இது ஒரு கிருமி என்று அப்போது எவரும் நினைக்கவில்லை. இரத்தப் புற்றுநோய்க்காரரிடம் கூடுதலாக இருந்ததால் புற்றுநோயோடு சம்பந்தம் என்று எண்ணினார்கள். 1964இல் புளூம்பேர்க் பிலடெல்பியாவின் புற்றுநோய் ஆய்வு நிறுவகத்துக்கு மாறிவிட்டார். இரத்தப் புற்றுநோய் கூடுதலாக வரும் டவுண் சின்ட்ரோம் பிள்ளைகளைச் சோதித்தபோது, பெரிய விடுதிகளில் நெருக்கமாக வைத்திருந்தவர்களில் நிறையப் பேரிடம் அது இருந்தது. 1966இல் முதற் சோதனையில் இல்லாதிருந்த ஒருவருக்கு அடுத்த சோதனையில் வந்திருந்தது. பரம்பரையாய் வரும் ஒன்று நடுவில் எப்படி முளைக்கும்? விசாரித்தால், அந்த இடைவெளியில் அவருக்கு ஈரல் அழற்சி வந்திருக்கிறது. 1967இல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த பெண் ஒருவர் தனக்குச் சோர்வாய் இருக்கிறதென்று தன் இரத்தத்தையே தட்டில் வைத்துப் பார்த்தார். மெல்லிய கோடு விழுந்தது. பின்னர் அவருக்குச் செங்கமாரி. நல்ல காலம், சுகமாகிவிட்டார். இந்த முடிவுகளை எழுதி அனுப்பிய கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடமே ஜப்பானில் ஒகோச்சியும் நியூயோர்க்கில் பிரின்ஸும் அதையே கண்டபிறகுதான் உலகம் நம்பியது. 1970இல் இங்கிலாந்தில் டேன் என்பவர் முழுக் கிருமியை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்.

இதே காலத்தில் நியூயோர்க்கின் வில்லோபுறூக் விடுதியில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு ஈரல் அழற்சிக் கிருமியை வேண்டுமென்றே கொடுத்துச் சோல் குறுக்மன் ஆராய்ந்தார். 'ஏ', 'பி' என்று இரண்டு வகை இருப்பது தெளிவானதில் அதற்கும் பங்குண்டு. எப்படியும் அங்கே அவர்களுக்கு அது வரத்தான் போகிறது என்பது அவர் சொன்ன நியாயம். முகாமில் வாழ்ந்தவன் என்ற முறையில் அந்த நியாயம் என் தொண்டைக்குள் இறங்கவில்லை.

புளூம்பேர்க்கும் இர்விங் மில்மனும் 1969இல் தடுப்பூசிக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். கிருமியைக் காவித் திரிபவரின் இரத்தத்தில் கிருமியின் வெறும் மேலுறை மட்டும் கோடிக்கணக்கில் மிதக்கும். அதைப் பிரித்துச் சுத்தமாக்கினால் அதுவே தடுப்பூசி. 1976இல் அவருக்கு நோபல் பரிசு, கஜ்டுசெக்குடன் பகிர்ந்து. தடுப்பூசி 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1986இல் இரத்தமே தேவைப்படாமல் ஈஸ்ற்றில் செய்யும் ஊசி வந்தது. தாய்வான் 1984இல் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கி, பத்தே வருடத்தில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் ஈரல் புற்றுநோயைப் பாதியாக்கியது. ஊசி போட்டுப் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று முதலில் காட்டியது இதுதான். ஆல்ட்டர் தன் பங்குக்கு 'ஏ'யும் இல்லாத 'பி'யும் இல்லாத இன்னொன்றைத் துரத்திக்கொண்டு போனார். அது 'சி'. அதற்காக 2020இல் அவருக்கும் நோபல்.

எங்கள் கீழ்க்காய்நெல்லியும் இந்தக் கதைக்குள் வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர் அதன் தூளை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 1988இல் லான்செற்றில் வந்த அந்தக் கட்டுரையில் புளூம்பேர்க்கும் ஒரு ஆசிரியர். தூள் எடுத்த 37 பேரில் 22 பேருக்கு அன்ரிஜன் மறைந்ததாம், வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். இதைக் கேள்விப்பட்டு நானும் ஊரிலிருந்து காயவைத்து எடுப்பித்து ஆறு மாதம் குடித்தேன். என் கோடு அழியவில்லை. தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்த சோதனைகளில் அந்த முடிவு கிடைக்கவில்லை. 2011இல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த ஆய்வும் போதிய ஆதாரமில்லை என்றது. அம்மம்மா பாலில் அரைத்துக் கொடுத்துச் சுகமாக்கிய செங்கமாரிகளில் பெரும்பாலானவை தண்ணியாலும் சாப்பாட்டாலும் வரும் 'ஏ' வகையாகத்தான் இருந்திருக்கும். அது தன்பாட்டில் மாறும். அம்மம்மாவில் பிழையில்லை.

ஈரல் வைத்தியர் ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தியது வேறொன்று. இந்தக் கிருமி நேரே ஈரலைத் தின்பதில்லையாம். கிருமி புகுந்த கலங்களை எங்கள் உடம்பே தாக்குவதால்தான் ஈரல் கெடுகிறது. "அலேர்ஜி மாதிரியா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "அதே படையின் வேறு பிரிவு" என்றார். பிறகுதான் அந்தக் கணக்கைச் சொன்னார். வளர்ந்தபின் தொற்றினால் நூற்றுக்கு 95 பேர் அளவில் கிருமியைக் கலைத்துவிடுவார்கள். பிறக்கும்போது தொற்றினால் நூற்றுக்கு 90 பேர் அளவில் வாழ்நாள் முழுக்கக் காவுவார்கள். "19 வயதில் ஏற்றிய இரத்தம் என்று அடித்துச் சொல்ல ஏலாது. உங்கட அம்மாவைச் சோதித்திருக்கிறார்களா?"

அம்மா அப்போது இல்லை. வீட்டுக்கு வந்து அந்தப் போத்தலை நினைத்தேன். யாரோ முகம் தெரியாத ஒருவர் சண்டைக்குள்ளும் வந்து கொடுத்த இரத்தம். கடித்தது உண்மை. ஆனால் கடித்ததற்கும் இந்தக் கிருமிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதோடு அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஞாபகத்துக்கு வந்தார். 1994இல் வயிறு ஊதிச் செத்தவர். "குடிச்சுத்தான்" என்று ஊர் சொன்னது. மாமா கள்ளு வாயில் வைத்ததை நான் கண்டதில்லை.

மனைவிக்குக் கல்யாணத்தோடும் மகளுக்கு 1998இல் பிறந்த சில மாதங்களிலும் ஊசி போட்டாயிற்று. நான் தினம் ஒரு குளிசை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கான். குளிசை கிருமியை அடக்கி வைக்கும், அழிக்காது. 2022இல் உலகத்தில் 254 மில்லியன் பேர் இதைக் காவுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெரும்பாலானோருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது.

லண்டனில் இருக்கும் தம்பியைச் சோதிக்கச் சொல்லி மூன்று வருடம் கெஞ்சினேன். "பெட்டைக்குச் சம்பந்தம் பேசுற நேரம், ஆராவது அறிஞ்சா?" என்று தட்டிக்கொண்டே வந்தான். மாமாவின் கதையை ஒருநாள் முழுதாகச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டான். போன மாசி மாதம் அவனே ரெலிபோன் எடுத்தான்.

"அண்ணை, எனக்கும் இருக்கு. ஈரல் இன்னும் பழுதில்லையாம். அவவுக்கும் பிள்ளையளுக்கும் இல்லை, ஊசி போடச் சொல்லியிருக்கினம்."