பத்தியமும் கோதுமையும்



பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்திற்கு மேற்கே, வெள்ளாற்றங்கரையில் திட்டக்குடி என்னும் ஊர் இருக்கிறது. வசிட்டர் வழிபட்டதால் வதிட்டகுடி என வழங்கிப் பின்னர் திட்டக்குடி ஆயிற்று என்பது தலபுராணச் செய்தி. புராணம் ஒருபுறம் இருக்கட்டும். இவ்வூர்ச் சிவன் கோயிலில் இறைவனுக்கு வைத்தியநாதர் என்று பெயர். அம்மைக்கு அசனாம்பிகை என்று பெயர். அசனம் என்றால் உணவு. மருத்துவரும் உணவும் ஒரே கோயிலில் அருகருகே நிற்கின்ற அழகு, நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

மருந்தையும் உணவையும் நம் முன்னோர் பிரித்துப் பார்த்ததில்லை. வள்ளுவர் மருந்துக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; ஆனால் அங்கே அவர் பெரிதும் பேசுவது உண்ணும் முறையைத்தான். 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், திருமுக்கூடல் கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று நடைபெற்றதைக் கல்வெட்டுக் கூறுகிறது. மருத்துவருக்கும் பணிமக்களுக்கும் நிவந்தம் வைத்தவர்கள், நோயாளிகளுக்கு அளிக்க வேண்டிய அரிசிக்கும் அதே கல்லில் இடம் ஒதுக்கினார்கள்.

சித்த மருத்துவத்தின் பத்தியம் இந்த மரபின் முதிர்ந்த வடிவம். புளி தள்ளுவது, கடுகும் நல்லெண்ணெயும் நீக்குவது, அகத்தியைத் தொடாதிருப்பது, கடும் பத்தியமானால் உப்பையே விடுவது என அதற்குப் படிகள் உண்டு. மருந்தின் ஆற்றலை முறிக்கும் பொருள் வயிற்றுக்குள் போகக் கூடாது என்பதே அதன் கருத்து. பத்தியம் இருப்பவரை ஊர் மதித்தது. ‘அவர் பத்தியக்காரர்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். விருந்து வீட்டிலும் எவரும் வற்புறுத்தமாட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தனிக் குழம்பு வைப்பதைச் சுமையாக எந்த வீடும் எண்ணியதில்லை.

ஆயினும் பத்தியத்திற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு மண்டலமோ இரு மண்டலமோ கழிந்ததும் அது முறியும். நோயாளி மீண்டும் எல்லாரோடும் ஒரே பந்தியில் அமர்வார். வாழ்நாள் முழுவதும் ஒரு தானியத்தையே தொடக் கூடாது என்று ஓர் உடம்பு சொல்லுமானால் என் செய்வது? அந்தக் கேள்விக்கு மேலைநாட்டு மருத்துவம் விடை காண எத்தனை காலம் தடுமாறியது என்பதே ஒரு சுவையான வரலாறு.

1888ஆம் ஆண்டில் லண்டனில் சாமுவேல் கீ என்னும் மருத்துவர், வயிறு உப்பி, ஓயாத வயிற்றுப்போக்கால் மெலிந்து வாடும் குழந்தைகளின் நோயைத் தெளிவாக எழுதினார். சீலியாக் நோய் என்று அதற்குப் பெயர். குணம் காண்பதானால் அது உணவினால்தான் ஆகும் என்பதையும் அவர் கண்டுகொண்டார். எந்த உணவு? அதுதான் தெரியவில்லை. ஒரு குழந்தைக்கு நாள்தோறும் ஹாலந்து நாட்டு மட்டிச்சதையைக் கொடுத்தார். குழந்தை வியக்கத்தக்க வகையில் தேறியது. மட்டி கிடைக்கும் பருவம் முடிந்தது, நோய் திரும்பியது. மறு பருவத்தில் குழந்தை அதை உண்ணவே மறுத்துவிட்டது! 1924இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தைக் கொண்டு சிலரைத் தேற்றினார். வாழைப்பழத்தில் ஏதோ மருந்து இருக்கிறது என்று உலகம் நம்பியது. அவர் கொடுத்ததில் அன்று, விலக்கியதில்தான் மருத்துவம் இருந்தது என்பது பின்னரே விளங்கிற்று.

விளக்கியவர் டச்சு நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. ஹேக் நகரில் பணிபுரிந்த அவர், கோதுமையின்மீது 1930களிலேயே ஐயம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கொடுமையால் ஹாலந்தின் மேற்குப் பகுதியில் பெரும் பஞ்சம் மூண்டது. மக்கள் துலிப் மலரின் கிழங்கைத் தின்றார்கள். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள். ரொட்டி மிக அரிதான அந்த நாட்களில், ஊரே வாடியபோது இந்த நோயுற்ற குழந்தைகள் மோசமடையவில்லை. ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. பஞ்சமே உண்மையைக் கற்பித்தது என்று சிலர் சுருக்கிச் சொல்வார்கள். அது முழு உண்மையன்று. முன்பே ஐயுற்றுக் காத்திருந்த கண்களுக்குத்தான் பஞ்சம் அதை உறுதிப்படுத்தியது. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டிக்கே தம் ஆய்வேட்டை அளித்தார். கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதமே குற்றவாளி என்பது அதன்பின் நிலைநாட்டப்பட்டது. பார்லியிலும் ரை தானியத்திலும் அதன் உறவினங்கள் உண்டு.

ஹாலந்திலிருந்து கோதுமையை அகற்றிய அதே உலகப் போர்தான் தமிழகத்துக்குள் கோதுமையைக் கொண்டுவந்தது!

திட்டக்குடி வட்டாரத்தின் பழைய தானியங்கள் வரகும் கம்பும் தினையும் கேழ்வரகுமே. கோபுரக் கலசத்தில் இட்டு வைக்கும் பெருமை வரகுக்கு உண்டு. 1920களின் தொடக்கத்தில், தொழுதூரில் வெள்ளாற்று நீரைத் திருப்பி, கீழ்ச்செருவாயில் வெலிங்டன் ஏரியை நிரப்பியபின் நெல் பெருகியது. கோதுமையோ எட்டாத பொருள். 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1943இல் சென்னையில் பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமையை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அரிசி உண்டு வளர்ந்த மக்களிடம் அரசு மன்றாட வேண்டியதாயிற்று. 1956இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1960களில் பள்ளி மதிய உணவிலும் அமெரிக்க உதவிக் கோதுமை இடம்பெற்றது. ரவையும் சேமியாவும் மைதாவும் இன்று எந்தக் கிராமத்துக் கடையிலும் இருக்கின்றன. பரோட்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

இந்த மாறுதலால் நம்மிடையே நோய் பெருகிவிட்டதா? 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதை ஆராய்ந்தது. வடஇந்தியா, அஸ்ஸாம், தெற்கே வேலூர் ஆகிய இடங்களில் 23,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்தார்கள். இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடமும், அஸ்ஸாமில் 0.87 பேரிடமும், வேலூரில் 0.10 பேரிடமுமே காணப்பட்டது. நோய்க்கு இடம் தரும் மரபணுவோ மூன்று இடங்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம். வேலூரில் 25 கிராம். தெற்கே கோதுமை குறைவு, ஆகவே நோயும் குறைவு என்று முடித்துவிட ஆசைதான். ஆனால் அஸ்ஸாம் குறுக்கே நிற்கிறது. அங்கும் கோதுமை 37 கிராம்தான். மரபணுவும் தானியமும் சேர்ந்தும் கதை முடியவில்லை. இன்னும் வேறு ஏதோ இருக்கிறது.

மாணவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. பால் குடித்தால் வயிறு பொருமுவது வேறு. அது பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதியின் குறைவு. நிலக்கடலை தின்றதும் மூச்சுத் திணறுவது வேறு. அது ஒவ்வாமை, 1906இல் பிர்க்கே என்னும் ஆஸ்திரிய மருத்துவர் ‘அலர்ஜி’ எனப் பெயரிட்டது, சில வேளைகளில் நிமிடங்களில் உயிரைப் பறிப்பது. சீலியாக் நோயில் குடலே மெல்ல மெல்லத் தேய்கிறது. கோதுமையை விட்டால் மெலியலாம் என்று கேள்விப்பட்டு விடுபவர்கள் இப்போது பலர். உண்மையான ஐயம் உள்ளவர் சோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிட்டால், இரத்தச் சோதனையும் குடற்சோதனையும் நோயைக் காட்டாமல் போகக்கூடும்.

நோய் உறுதியான பிள்ளையின் பாட்டைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அரிசியும் வரகும் கேழ்வரகும் விளையும் ஊரில் அவனுக்குப் பட்டினி இல்லை. இடர்கள் மறைவிடத்தில் இருக்கின்றன. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. ஆகவே கோதுமையே வாங்காத வீட்டுச் சாம்பாரிலும் ரசத்திலும் அது புகுந்துவிடுகிறது. குளூட்டன் அற்றது என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டுமானால், ஒரு கிலோவில் அது 20 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அந்த அளவுக்கு ஒரு சிட்டிகை மாவும் மிகுதியே. கலியாணப் பந்தியிலோ, ‘ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது’ என்று அன்போடு இலையில் பூரியை வைப்பார்கள். பத்தியம் என்றால் கையை இழுத்துக்கொள்ளும் அதே பெரியவர்கள், முடிவில்லாத பத்தியம் ஒன்று உண்டு என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

அப்பிள்ளையின் தாய் வரகைக் கழுவி உலர்த்தி மாவு மில்லுக்கு எடுத்துச் செல்கிறாள். அங்கே சற்றுமுன்தான் கோதுமை அரைத்திருப்பார்கள். பொறியின் வாயில் அந்த வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் மில்லைத் துடைத்து, கோதுமை விழுமுன்னே முதல் ஆளாக அரைத்துத் தரும்படி அவள் கேட்க வேண்டியிருக்கிறது.