தொப்பியைத் துளைத்த குண்டு

அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளை அறியப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸ், 1803 ஆகஸ்ட் இறுதியில் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து ஓஹையோ ஆற்றில் படகில் கிளம்பினார். 3 மைல் சென்றதும் ஒரு தீவில் கரையேறி, அங்கிருந்தோர் விரும்பியபடி தம் காற்றுத் துப்பாக்கியால் 55 கஜ தூரத்தில் 7 முறை சுட்டுக் காட்டினார். குறி ஓரளவு நன்றாகவே அமைந்தது. பின்னர் அத்துப்பாக்கியைக் கையாண்டு பழகாத ஒருவரின் கையில் அது தற்செயலாக வெடித்தது. 40 கஜத்துக்கு அப்பால் நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்த குண்டு, அவருடைய நெற்றிப்பொட்டையும் கீறிச் சென்றது. குருதி பெருக விழுந்தவர் இறந்துவிட்டார் என்றே அனைவரும் அஞ்சினர். சற்று நேரத்தில் அவர் நினைவு திரும்பினார், காயம் ஆபத்தானதல்ல. லூயிஸின் பயண நாட்குறிப்பு இந்நிகழ்ச்சியோடுதான் தொடங்குகிறது.

கடற்கரையில் பலூன் சுடும் விளையாட்டுப் பொருளாகவே காற்றுத் துப்பாக்கியை எண்ணிப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் லூயிஸிடம் இருந்தது, ஜிரந்தோனி என்பவர் வடிவமைத்து, ஆஸ்திரியப் படை 1780 வாக்கில் ஏற்றுக்கொண்ட வகை என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதன் பின்கட்டையே காற்றுக் கலன். அதை நிரப்ப ஏறத்தாழ 1500 முறை பம்பு அடிக்க வேண்டும். குழலை ஒட்டிய சிறு குழாயில் 20 குண்டுகளுக்குமேல் அடங்கும். புகையில்லை, மருந்து நெடியில்லை. சுடச்சுடக் கலனின் அழுத்தம் குறைவதால் குண்டின் வேகமும் குறையும், குறியும் தாழும்.

அக்காலத்துச் சாதாரணத் துப்பாக்கி ஒருமுறை சுட்டால் வெறுமையாகிவிடும். மீண்டும் மருந்து கெட்டித்தாலன்றி அதனால் தீங்கில்லை. இதிலோ ஏழு முறை சுட்ட பின்னும் குண்டும் காற்றும் எஞ்சியிருக்கும். பழகாத கைக்கு இந்த வேறுபாடு தெரிந்திராது என்றே நாம் ஊகிக்கிறோம்.

இன்றைய சுடுதளங்களின் ஒழுங்கு இந்த ஐயத்துக்கு விடை சொல்கிறது. சுடாத வேளையில் குழலினுள் வண்ணக் கயிறொன்றைச் செருகி, உள்ளே ரவையில்லை என்று எல்லோருக்கும் காட்டுகிறார்கள். குழலின் முனை எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். குறி பார்த்து முடியும்வரை விரல் விசையைத் தொடலாகாது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

துல்லியமும் இதே பொறுமையிலிருந்துதான் பிறக்கிறது. காற்றுத் துப்பாக்கியில் ரவை குழலைக் கடக்கச் சற்றுக் கூடுதல் நேரமாகும். ஆகவே விசையை அழுத்திய பின்னும் அசையாது நிற்பவருக்கே குறி வாய்க்கும். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டியில், இலக்கின் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான்.

லூயிஸ் சுடத் தெரிந்தவர். ஆனால் துப்பாக்கி கைமாறியபோது சொல்லப்பட வேண்டியது சொல்லப்படவில்லை போலும். குண்டு பட்ட பெண்ணின் பெயரை அவருடைய குறிப்பு தரவில்லை.