பம்பாய் வரை வந்த வெளிச்சம்

2024 மே 10 இரவு ஐரோப்பாவில் பல ஊர்களில் வானம் சிவந்தது. மறுநாள் இரவு ஸ்ரீ கெம்பாங்கானில் நானும் மொட்டைமாடி ஏறி வடக்கே பார்த்தேன். "என்னடா தேடுற?" என்றார் அம்மா. தெருவிளக்கின் மஞ்சள்தான் தெரிந்தது. நாம் இருப்பது 3 பாகை வடக்கில். அரோரா நமக்கில்லை என்று இறங்கிவிட்டேன்.

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது: மே 10 இரவே லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராக்களில் அந்தச் சிவப்பு பதிவாகியிருக்கு. 1872 பிப்ரவரி 4 அன்று, 19 பாகையிலுள்ள பம்பாயிலேயே பார்த்ததாகச் செய்தி உண்டு. தெற்கே எட்டுவது பெரும்பாலும் சிவப்புதான். 200 கிலோமீட்டருக்கும் மேலே ஆக்சிஜன் விடும் ஒளி அது. அவ்வளவு உயரத்தில் இருப்பதால்தான் தொடுவானத்துக்கு மேல் தலைகாட்டுது.

1859 செப்டம்பர் 2 சூரியப் புயலில் கிரீனிச் கருவியின் கோடு தாளைவிட்டே வெளியேறியது. பம்பாய் கொலாபா ஆய்வகத்திலோ காந்தமானியைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதினார்கள். சுமார் 1600 நானோடெஸ்லா வீழ்ச்சி. இன்றும் அந்தப் புயலை அளக்க உதவுவது அந்த ஏடுதான்.

வேலையில் தினமும் அளவுக் குறிப்பு எழுத நான் அலுத்துக்கொள்வேன். இப்போ அப்படியில்லை. வெளிச்சம் எட்டாத ஊருக்கும் எழுதிவைக்கும் வேலை இருக்கு.