திண்ணைப் பள்ளியும் மணல் எழுத்தும்



மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும் ஒரே அளவாய்த் தண்ணீர் பாய்ச்சும் விவசாயி நம் திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் இல்லை. ஆனால், வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம், ஒரே வேகம் என்பதை நாம் இயல்பாகவே ஏற்றுக்கொண்டோம். நம் முன்னோர் காலத்தில் அப்படி இருந்ததில்லை.

அன்றைய திண்ணைப் பள்ளியில் ஆண்டு வகுப்பு என்பது கிடையாது. புதிதாய்ச் சேர்ந்தவன் மணலில் விரலால் அரிச்சுவடி எழுதுவான். கை பழகியபின் அவனுக்கு ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். பக்கத்திலேயே மற்றொருவன் எண்சுவடி ஒப்பிப்பான். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆங்கிலிக்கன் குருவானவர் ஆண்ட்ரு பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர் இணங்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறியவர்களுக்குக் கற்பிக்க வைத்தார். முயற்சி பலித்தது. 1797-இல் அவர் எழுதிய நூலால் 'மதராஸ் முறை' இங்கிலாந்தில் பரவிற்று. அவர் விட்டுச்சென்ற பொருளால் ஸ்காட்லாந்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே பெயர்.

ஆயினும் உண்மையை மறைத்தலாகாது. 1826-இல் ஆளுநர் மன்றோ தம் அறிக்கையில் மதராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகளைக் கணக்கிட்டார். அவற்றில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லை. உள்ளே இருந்தவர்களுக்கோ பிரம்படி குறைவில்லை. பிள்ளையின் வேகத்தை அறிந்த முறை, எல்லாப் பிள்ளைகளையும் அறியவில்லை.

பின்னர் அரசுப் பள்ளிகள் வந்தன. கதவு மெல்ல மெல்ல எல்லாருக்கும் திறந்தது. ஆனால் பாடத்திட்டமும் ஆண்டுத் தேர்வும் எல்லாரையும் ஒரே நடையில் நடத்தின. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. 2007-இல் அது தமிழகமெங்கும் விரிந்தது. பிள்ளைகள் தரையில் அமர்ந்து, அட்டைகளைக் கொண்டு தத்தம் படியில் ஏறினர். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் நிலையறிந்து பிரித்துக் கற்பித்தது. திண்ணையின் பழைய அறிவு, இம்முறை எல்லாப் பிள்ளைகளுக்குமாகத் திரும்பி வந்தது எனலாம்.

பெற்றோரே, ஞானோபதேச ஆசிரியர்களே, பின்தங்கிய பிள்ளையை 'மக்கு' என்று சொல்லாதீர்கள். எந்த எழுத்தில் நின்றுவிட்டான் என்று கேளுங்கள். அங்கிருந்தே கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். அரும்பைத் திட்டி மலரச் செய்தவர் எவருமில்லை.